பத்மநாபன் நீராடும் கடல்

ஆரல்வாய்மொழி

கோவில்பட்டியிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டு, கரிசலும் செவலும் மாறிமாறி வரும் நிலங்களையும், உடைமரக் காடுகளையும், ஐப்பசி பாதி கழிந்தும் தண்ணீர் காணாத கண்மாய்களையும் கடந்து வருகிறவனுக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிய மாத்திரத்தில் கண்ணில் படும் தோவாளைப் பூந்தோட்டங்களும் நாஞ்சில் நாட்டு வயல்களும் ஏதோ ஒரு தேசத்தின் எல்லையைக் கடந்து வேறொரு தேசத்தில் புகுந்துவிட்ட பிரமையை உண்டாக்கும். 1956 நவம்பர் 1 வரை அது மெய்யாகவே இரண்டு ராஜ்யங்களுக்கு இடைப்பட்ட எல்லையாகத்தான் இருந்தது. ஆயினும் அரசர்களும் அதிகாரிகளும் கோடு கிழிப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த எல்லையைப் போட்டு வைத்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் மேல்காற்று, மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, கொண்டுவந்ததில் பெரும்பகுதியை அங்கேயே பெய்துவிட்டு, வெறுங்கையோடு இந்தக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் வந்து சேருகிறது. திருவனந்தபுரத்துக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை உண்டு. எங்கள் கரிசல் சீமைக்கு அதில் பாதியும் இல்லை. மழையைக் கொடாத அந்தக் காற்றையாவது விடுவானேன் என்று முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டு, அதை மின்சாரமாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் மட்டும் நமக்கு வந்திருக்கிறது. நான் சென்ற ஐப்பசியில் காற்று அடங்கியிருந்தபடியால் அவற்றில் பலவும் சுற்றாமல் நின்றன.

திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி பங்குனியிலும் ஐப்பசியிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை கோயிலை விட்டுப் புறப்பட்டுச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளிச் சமுத்திர ஸ்நானம் செய்யும் ஆறாட்டைக் காண வேண்டும் என்பது எனக்கு நெடுநாளைய ஆசை. அந்த ஆசையோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. சுவாமி நீராடும் அந்தக் கடல் சூடேறிவிட்டது என்கிறார்கள் விஞ்ஞானிகள். வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு, 1951 முதல் 2015 வரையிலான காலத்தில், சராசரியாக ஒரு டிகிரி செல்சியஸ் சூடாகியிருப்பதாக இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. கடலில் ஏறிய அந்த ஒரு டிகிரி, மலையில் இருப்பவனுக்கும் நகரத்தில் இருப்பவனுக்கும் கரையில் இருப்பவனுக்கும் எந்த உருவத்தில் வந்து சேருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கடைசியில் ஆறாட்டுக்குப் போவது என்று தீர்மானித்தேன். ஆகவே நகரத்துக்குள் நுழையாமல், தண்ணீர் இறங்கி வரும் வழியைப் பற்றிக்கொண்டு முதலில் மலைக்கு ஏறினேன்.

போனக்காடு

நெடுமங்காடு, விதுரா வழியாகப் போகிறது பாதை. ரப்பர் தோட்டங்களும், மிளகுக் கொடி படர்ந்த பலா மரங்களும், வாசலில் மரச்சீனி நட்ட வீடுகளுமாக ஊர்கள் ஒன்றோடொன்று பிரிவே இல்லாமல் தொடர்ந்து வருவதைக் காணும்போது, பத்து மைலுக்கு ஓர் ஊரும் அதற்கு ஒரு ஊருணியுமாகப் பழகிய என் கண்களுக்கு, இந்த ஜனங்களுக்குக் குடிதண்ணீரைத் தேடி ஓரிடத்தில் கூடி வாழ வேண்டிய அவசியமே நேரவில்லை போலும் என்று தோன்றியது. ஊருக்கு வெளியே போனால் வெட்டவெளி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இங்கே ஊருக்கு வெளியே போனாலும் ஊர்தான்.

போனக்காட்டில் ஒரு பழைய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வேலை நின்று பல காலம் ஆகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன. அவற்றில் தங்கிவிட்ட சில குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த முதிய அம்மையார், தம்முடைய பாட்டனார் அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து வந்தவர் என்று சொல்லி, என்னை உட்காரவைத்துப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தார். எதிரே அகஸ்தியர் கூடம், 1,868 மீட்டர் உயரம், மேகத்துக்குள் மறைவதும் வெளிப்படுவதுமாக இருந்தது. மழையைப் பற்றிக் கேட்டேன். வைகாசி பாதியில் தொடங்கும் பருவமழையை இடவப்பாதி என்றே அவர் சொன்னார்.

“எங்க ஆத்தா காலத்துல இடவப்பாதின்னா நூல் பிடிச்சாப்புல பத்து நாளு விடாம நனைச்சுக்கிட்டே இருக்கும் தம்பி. தேயிலைக்கு அதுதான் சேரும். இப்ப ஒரு மாசத்து மழையை ஒரு ராத்திரியில கொட்டிட்டு, அடுத்த மாசம் வெயில்ல போட்டு வாட்டுது. அந்தத் தண்ணி மண்ணுக்குள்ள எங்க இறங்குது? அப்படியே சரிஞ்சு ஓடிருது.”

“ஓடைகள் எல்லாம் எப்படி இருக்கின்றன ஆச்சி?”

“கும்பத்துல, அதான் மாசியிலயும் தண்ணி கிடந்த ஓடையில இப்ப தனுவுல, மார்கழியிலயே கல்லு தெரியுது.”

அவர் சொன்னதற்குப் பௌதிக சாஸ்திரம் கொடுக்கும் விளக்கம் மிகவும் சுருக்கமானது. காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. ஆகவே சூடான காற்று கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் அதிக நீரை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டதை இறக்குவதற்குச் சந்தர்ப்பம் வாய்க்கும்போது ஒரேயடியாக இறக்குகிறது. இரண்டு மழைகளுக்கு நடுவேயுள்ள நாட்களில் மண்ணின் ஈரத்தை முன்னைவிட வேகமாக உறிஞ்சிக்கொண்டும் போகிறது. வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று நாம் பாலபாடத்தில் படித்திருக்கிறோம். இரண்டும் ஒரே காரணத்தின் பிள்ளைகள் என்பதை அந்த அம்மையார் பாடம் படிக்காமலே அறிந்திருந்தார்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சரியாக இடி முழங்கியது. துலாவர்ஷம் என்று இங்கே சொல்லும் ஐப்பசி மழைக்கு அதுதான் நேரம் என்றார்கள். லயத்தின் தகரக் கூரையடியில் நின்றுகொண்டு அகஸ்தியர் மலையைப் பார்த்தபோது, இந்தப் பக்கம் நெய்யாறாகவும் கரமனையாறாகவும் இறங்கும் அதே மழை, அந்தப் பக்கம் பொதிகை என்ற பெயரோடு தாமிரபரணியாக இறங்குகிறது என்பதும், சீவலப்பேரியில் எடுத்து எங்கள் கோவில்பட்டிக் குழாய்களுக்கு வந்து சேரும் தண்ணீர் அதுவே என்பதும் நினைவுக்கு வந்தன. கரிசல் காட்டானுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துக்கொள்ள வேண்டும். குமரிக் கடலின் மேல் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழையைப் பொழிந்தது. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைக் காட்டிலும் அது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது; ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள். மலை ஒன்று, கடல் ஒன்று. கணக்குப் புத்தகம் மட்டும் இரண்டு மாநிலங்களில் இருக்கிறது.

அருவிக்கரை

கரமனையாற்றைத் தொடர்ந்து கீழே இறங்கினால் பேப்பாறை அணையும், அதற்கும் கீழே அருவிக்கரையும் வருகின்றன. நகரத்தின் குடிதண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. 1933-ல் வைசிராய் வில்லிங்டன் பிரபு திறந்துவைத்த ஏற்பாடு அது. பெருமழைக் காலத்தில் இங்கே மதகுகள் உயரும்போது கீழே தாழ்ந்த இடங்களில் உள்ளவர்கள் சாமான்களைப் பரணில் ஏற்றுகிறார்கள். 2023 அக்டோபர் நடுவில் ஓர் இரவு மழையில் நகரத்தின் பல பகுதிகள் மூழ்கின. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டமும் தப்பவில்லை. ஏழு குன்றுகளின் மேல் அமைந்ததாகப் பெருமை பேசப்படும் ஊர் இது. குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் ஒரு காலத்தில் வயல்களாக இருந்து மழைநீரை வாங்கி வைத்திருந்தன என்பதையும், இன்று அவற்றில் வீடுகள் இருக்கின்றன என்பதையும், அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும்.

நட்சத்திர பங்களா

நகரத்தின் நடுவே உயர்ந்த ஒரு குன்றின் மேல், மரங்களுக்கு நடுவில், சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் கட்டுவித்த வானாய்வு நிலையம் இருக்கிறது. கீர்த்தனங்கள் இயற்றிய கைகளே கிரகங்களை அளப்பதற்கும் ஏற்பாடு செய்தன என்பது அந்த மன்னருடைய விசாலமான ரசனைக்குச் சான்று. ஜனங்கள் அதை நட்சத்திர பங்களா என்று அழைக்கிறார்கள். ஆலப்புழையில் வியாபாரப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டிகாட் முதலில் பொறுப்பேற்றார். 1852 முதல் 1865 வரை ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தலைமை வகித்தார். காந்தசக்தியையும் வானிலையையும் ஏககாலத்தில் கீழேயும் உயரத்திலும் அளக்க வேண்டும் என்ற பிடிவாதத்தால், 1855-ல் அகஸ்தியர் மலையுச்சிக்குக் கருவிகளைத் தூக்கிச் சென்று ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார் அவர். யானையும் அட்டையும் குளிரும் நிறைந்த அந்தச் சிகரத்தில் உள்ளூர் உதவியாளர்கள் தங்கி, கருவிகளைப் பார்த்துக் குறித்துவந்தார்கள். மலையும் கடலும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே குன்றில்தான் இந்திய வானிலைத் துறையின் நிலையமும் இருக்கிறது. ஆண்டுதோறும் தேசம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு எதிர்பார்க்கும் ‘கேரளத்தில் பருவமழை தொடங்கியது’ என்ற அறிவிப்புக்கு இலக்கணம் உண்டு என்பதைப் பலர் அறியார். மே 10-க்குப் பிறகு, மினிக்காய் முதல் மங்களூர் வரையுள்ள 14 நிலையங்களில் 60 சதவீதத்துக்குக் குறையாதவற்றில், இரண்டு நாட்கள் தொடர்ந்து 2.5 மில்லிமீட்டராவது மழை பதிவாக வேண்டும். அதோடு மேல்காற்றின் கனமும் மேகங்களின் அடர்த்தியும் குறிப்பிட்ட அளவை எட்ட வேண்டும். அந்தப் பதினான்கில் திருவனந்தபுரமும் ஒன்று. ஜூன் 1 என்பது வழக்கமான தேதி. 2023-ல் மழை ஜூன் 8-ல் வந்தது. 2025-ல் மே 24-லேயே வந்துவிட்டது. தேதி முன்பின் ஆவது பழங்காலத்திலும் உண்டு. ஆகவே இந்த இரண்டு தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் கெட்டது என்று கூச்சலிடுவது நியாயமாகாது. கவனிக்க வேண்டியது, வந்த மழை எப்படிப் பெய்கிறது என்பதே. 2018 ஆகஸ்ட் 1 முதல் 19 வரை கேரளத்தில் பெய்ய வேண்டியது 288 மில்லிமீட்டர், பெய்தது 759.

கடல் சூடேறுவதற்கும் புயலுக்கும் உள்ள உறவையும் இங்கேதான் சொல்ல வேண்டும். நாம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமியில் மிஞ்சி நிற்கும் உஷ்ணத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சமுத்திரங்கள் உள்வாங்கிக்கொள்கின்றன. அந்த உபகாரம் இல்லாவிட்டால் நிலத்தில் நாம் வாழ்ந்திருக்க மாட்டோம். ஆனால் வாங்கிய உஷ்ணம் மறைந்து போவதில்லை. நீராவியோடு சேர்ந்து மேலே ஏறி, மேகமாகக் குளிரும்போது விடுபட்டு, புயலுக்குப் பலமாகிறது. பழைய நாட்களில் புயல் என்றால் வங்காள விரிகுடாதான். அரபிக்கடலில் சராசரியாக ஆண்டுக்கு ஒன்றுதான். 2019-ல் மட்டும் அங்கே ஐந்து புயல்கள் எழுந்தன. அவற்றில் கியாரும் மகாவும் ஒரே சமயத்தில் கடலில் நின்றன.

மதியம் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கோட்டைக்குள் ஒரு தமிழர் வீட்டில் இலை போட்டார்கள். சாம்பாரும் அவியலும் ஆனபிறகு, மஞ்சள் நிறப் போளியைக் கிள்ளிப் போட்டு அதன் மேல் பால்பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்ணும் திருவனந்தபுரத்து வழக்கத்தை எனக்குக் கற்பித்தார் வீட்டுக்காரர். போளி தமிழகத்திலிருந்து போனது, பாயசம் மலையாளத்தது; இரண்டையும் சேர்க்க இந்த ஊர்தான் துணிந்தது. மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை இந்நகரில்தான் பேராசிரியராக இருந்தார். நகுலனும் நீல பத்மநாபனும் இங்கிருந்தே தமிழுக்கு எழுதினார்கள். தமிழிலக்கியம் படிக்கிறவன் இந்த ஊரை அயலூர் என்று சொல்லத் துணிய மாட்டான்.

விழிஞ்ஞம்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் ஒரு பக்கம் பள்ளிவாசல், மறு பக்கம் மாதாகோயில், நடுவில் ஐஸ் பெட்டிகளும் வலைக்குவியலும் ஏலச் சத்தமும். சற்றுத் தெற்கே, 2025 மே 2-ல் பிரதமர் திறந்துவைத்த சர்வதேசத் துறைமுகத்தின் ராட்சசப் பளுதூக்கிகள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. இங்குள்ள முக்குவ மீனவர்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது கடினம். மேல்காற்று அவர்களுக்குக் கச்சான், கடலடிப் பாறை பார். தெளிந்த நாளில் நடுக்கடலிலிருந்து அகஸ்தியர் கூடம் தெரியும் என்றும், மலையையும் கரையிலுள்ள ஒரு கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்திப் பார்த்து, எந்தப் பாரின் மேல் இருக்கிறோம் என்று கண்டுகொள்வது தம் முன்னோர் வழி என்றும், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் சொன்னார்.

ஒக்கிப் புயலைப் பற்றி நான் கேட்கவில்லை; அவரே எடுத்தார்.

“கச்சான் எப்ப எழும்பும், வாடை எப்ப தணியும், எல்லாம் நமக்கு அறியும் சாரே. அந்த ராத்திரி காத்து ஒரு பக்கம் நிக்கல. நாலு பக்கமும் சுத்திச்சு. என் அப்பன் கடலில் போன காலத்திலும் அப்படி ஒண்ணு கேட்டதில்ல.”

அவர் சொன்னது முற்றிலும் மெய். 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகி, டிசம்பர் 1-ல் அதிதீவிரப் புயலாகிவிட்டது. ஆழ்கடலில் நாட்கணக்காகத் தங்கித் தூண்டில் போடுகிறவர்கள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும், தமிழ்நாட்டுக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலும், திரும்பி வராதவர்களுடைய படங்கள் மாலை போட்டு மாட்டப்பட்டிருக்காத தெரு அபூர்வம். அதற்குப் பின்னர்தான் திருவனந்தபுரத்துக்கென்று தனியே ஒரு புயல் எச்சரிக்கை மையம் 2018-ல் கிடைத்தது. கைப்பேசிக்கு எட்டாத தூரத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளும் படகுகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஒக்கி கழிந்த எட்டாம் மாதம், முன்பு சொன்ன பெருமழை கொண்டுவந்த 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், இதே ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடலையே கண்டிராத செங்கன்னூர்த் தெருக்களுக்குப் போய், மாடிகளில் தவித்தவர்களை ஏற்றி வந்தார்கள். மாநிலம் முழுவதும் அப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் 65,000 பேர் என்று அரசாங்கம் கணக்குச் சொல்லிற்று. கடலின் உஷ்ணம் முதலில் காற்றாக வந்து இவர்கள் வீட்டில் பலி கொண்டது; பிறகு மழையாக வந்து, பிறர் வீட்டுக் கூரைகளுக்கு இவர்களை அழைத்தது.

மரச்சீனிக்கிழங்கை வேகவைத்து மசித்து, மத்தி மீன் குழம்போடு தரும் ஒரு சிறு கடையில் சாப்பிட்டேன். புளியும் தேங்காயும் மிளகாயும் சேர்ந்த அந்தச் சிவந்த குழம்பின் ருசியை வருணிப்பதற்கு நான் முயலப் போவதில்லை. ஏழைகளின் மீன் என்று பெயர் பெற்ற மத்திக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. பருவக்காற்று கரையோரத்து மேல்நீரை வெளியே தள்ளும்போது, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிக்க நீர் மேலே எழுகிறது. அதில் நுண்ணுயிர் செழிக்கிறது. அதைத் தின்ன மத்தி கூட்டமாக வருகிறது. மேல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால் கீழ்நீர் எளிதில் எழுவதில்லை. 2012-ல் கேரளக் கரையில் பிடிபட்ட மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021-ல் 3,297 டன். பிடிப்பின் மிகுதியும் எல் நினோ ஆண்டுகளின் கோளாறும் இதில் சேர்ந்திருக்கின்றன; வெப்பம் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. மறுபடி மத்தி வந்த ஆண்டுகளும் உண்டு. ஆனால் வரும் வராது என்று நிச்சயமில்லாத மீனை நம்பி, ஒருவன் படகுக் கடனை எந்தத் தைரியத்தில் வாங்குவான்?

வலியதுறை

விமான நிலையத்துக்குத் தெற்கே, மீனவர் வீடுகள் நெருங்கிய வலியதுறையில், கடலுக்குள் நீண்ட ஒரு பாலம் இருந்தது. அதற்கு முன்னிருந்த இரும்புப் பாலத்தை 1947-ல் ஒரு கப்பல் மோதி உடைத்துவிடவே, 1956-ல் இது கட்டப்பட்டது. கப்பல்கள் வருவது நின்ற பின்பும், மாலை நேரத்தில் காற்று வாங்குவோருக்கும் தூண்டில் போடும் சிறுவர்களுக்கும் உபயோகமாய் இருந்தது. 2021 மே மாதத்தில் டவ்தே புயல் கடலைக் கலக்கியபோது அது சாய்ந்தது. 2024-ல் இரண்டாகப் பிளந்து, நடுப்பகுதி கடலுக்குள் விழுந்தது.

இங்கே ஒரு பழைய சிமென்டுக் கிடங்கில், வீட்டைக் கடலிடம் கொடுத்த குடும்பங்கள், துணியாலும் அட்டையாலும் தடுத்த அறைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து வந்திருக்கின்றன. அதில் இருந்த ஒரு பாட்டி, என்னைப் பார்த்ததும், “வா அப்பி, இரி” என்று கூப்பிட்டார். நரைத்த தலையோடு நிற்கும் என்னை அந்த ஊர்ச் செல்லப் பெயரால் அழைத்தது மனத்தைத் தொட்டது.

“எங்க வீடு நாலாவது வரிசை. முன்னாலே மூணு வரிசை வீடு, அதுக்கு முன்னாலே வலை உணக்குற மணல், அதுக்கும் அப்புறந்தான் கடல். ஒரு வருஷம் முன்வரிசை போச்சு. நமக்கு முன்னாலே இன்னும் ரெண்டு இருக்கேன்னு இருந்தோம். பின்னே அதுவும் போச்சு.”

“எந்த மழையில் போயிற்று அம்மா?”

“மழையா? வெயில் அடிச்சுக்கிட்டிருந்தது அப்பி. கள்ளக்கடல்.”

வானத்தில் மேகமில்லாமல், காற்றில்லாமல், கரையில் யாதொரு அறிகுறியுமின்றிக் கடல் உயர்ந்து வந்து வீட்டுக்குள் புகுவதற்கு இந்தக் கரையோர மக்கள் இட்ட அந்தப் பெயரை 2012-ல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. அதன் பிறப்பிடம் வெகு தூரத்தில் இருக்கிறது. இந்து சமுத்திரத்தின் தென் கோடியில், அண்டார்டிகாவை நோக்கிய குளிர்ந்த கடலில் எழும் பெரும்புயல்கள் கிளப்பிவிடும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான மைல்களைச் சில தினங்களில் கடந்து, வழியில் நிலம் எதுவும் குறுக்கிடாமையால் பலம் குன்றாமல் வந்து, கேரளத்தின் மீதும் குமரியின் மீதும் மோதுகின்றன. 2024 மார்ச் 31-ல் பூந்துறையிலும் வலியதுறையிலும் தெருக்களில் புகுந்த கடல் அத்தகையதே. அந்த அலைகள் புதியவை அல்ல. ஆனால் அவை ஏறி வரும் கடல்மட்டம் புதிது. 1993 முதல் 2017 வரை வட இந்து சமுத்திரத்தின் மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது. உருகிய பனி ஒரு காரணம். சூடான நீர் விரிவடைவது மற்றொரு காரணம்.

எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடுவது அதிகாரிகளுக்குச் சௌகரியம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அணைகளுக்குப் பின்னாலும் மணல் லாரிகளிலும் தங்கிப்போன ஆற்று மணல் கடற்கரைக்கு வந்து சேருவதில்லை. ஓரிடத்தில் கல்லைக் கொட்டி அலையைத் தடுத்தால், அந்த அலை அடுத்த ஊரைத் தேடிப் போகிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் நீண்ட அலைதடுப்பே தங்கள் கரையைத் தின்கிறது என்று மீனவர்கள் 2022-ல் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். துறைமுகத்தார் அதை மறுக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: மலையை வனத்துறையும், ஆற்றை நீர்ப்பாசனத் துறையும், கரையைத் துறைமுகத் துறையும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருக்கும்வரை, இவற்றினூடே ஓடும் ஒரே தண்ணீரை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. அந்தப் பாட்டிக்கு அதுவரை கிடங்குதான்.

சங்குமுகம்

ஆறாட்டு நாளன்று பிற்பகல் விமான நிலையத்தில் விமானங்கள் வருவதும் போவதும் சில மணி நேரம் நிறுத்தப்பட்டன. 1932-ல் இந்த நிலையம் அமைந்தபோதே, வருஷத்தில் இரண்டு நாட்கள் ஓடுபாதை பத்மநாபனுக்குரியது என்று மகாராஜா விதித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். யானையும் குதிரையும் முன்செல்ல, திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெரியவர் உடைவாளோடு நடந்து வர, பத்மநாபனும் நரசிம்மமும் கிருஷ்ணனும் கருட வாகனங்களில் அந்த ஓடுபாதையைக் குறுக்கே கடந்து, மேளத்தோடு கடலை நோக்கிப் போகும் காட்சி உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதது. சிறகொடுக்கி நிற்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டே, என் அருகில் நின்ற இளைஞன், “சுவாமிக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்” என்று சொல்லிச் சிரித்தான்.

கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய பிரம்மாண்டமான கடற்கன்னிச் சிலைக்கு எதிரே, ஒரு காலத்தில் அகன்று விரிந்திருந்த மணற்பரப்பு, 2018 முதல் சில ஆண்டுகளில் கடலோரச் சாலையோடு சேர்ந்து அரிக்கப்பட்டது. சாலையைக் காப்பதற்காக மண்ணுக்குள் ஆழமாகக் கான்கிரீட் சுவர் இறக்கியிருக்கிறார்கள். மணல் சில மாதங்களில் சிறிது திரும்புகிறது. மழைக்காலத்தில் மறுபடி போகிறது. நான் கண்ட அன்று சுவாமி ஸ்நானத்துக்குப் போதுமான மணல் இருந்தது. தீவட்டி வெளிச்சத்தில், மஞ்சள் பூசிய விக்கிரகங்களை ஏந்தி, நம்பூதிரிகள் அலையில் மூழ்கி எழுந்தார்கள். கூட்டம் கைகூப்பிற்று. நம்பூதிரிகளுக்கு இருபுறமும் கயிறு கட்டி, அலையின் போக்கைக் கவனித்துக்கொண்டு நின்ற உயிர்காக்கும் காவலர்கள், அதே கரையின் மீனவப் பிள்ளைகள்.

அவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னதை இங்கே எழுதிவிடுவது கடமை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வானத்தைப் பார்த்துக் கடலில் இறங்குகிறார்கள் என்றான். 2024 மே 6-ல், இதே கடலின் தொடர்ச்சியான குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கரையில், தெளிந்த வானத்தின் கீழ், மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அத்தகைய எச்சரிக்கைகளைச் சில தினங்களுக்கு முன்பே வெளியிடுகிறது. பத்திரிகைகளிலும் வானொலியிலும் வருகின்றன. விடுமுறைக்குக் குழந்தைகளோடு சங்குமுகத்துக்கோ கோவளத்துக்கோ குமரிக்கோ போகும் வாசகர்கள், கோயில் நடை திறக்கும் நேரத்தை விசாரிப்பதுபோலக் கடலின் நிலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும் மீனவர் இன்று வேண்டாம் என்றால், வாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.